நடக்காத கோலுக்கு என்ன விலை?

2018 செப்டம்பர் 29. ஆஸ்திரேலிய ரூல்ஸ் காற்பந்தின் இறுதியாட்டம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 100,022 பேர். ஆட்டம் முடிய ஏறக்குறைய இரண்டு நிமிடங்களே இருக்கின்றன. காலிங்வுட் குழு நூலிழை முன்னிலையில் இருக்கிறது. அது பந்தை மீண்டும் முன்னோக்கி உதைக்கிறது. பந்து கோல் கம்பங்களை நெருங்குவதற்குள் வெஸ்ட் கோஸ்ட் குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர் ஜெரமி மெக்கவர்ன் குறுக்கே வந்து அதைப் பிடித்துவிடுகிறார். அவர் உதைத்த பந்து நேதன் வார்டியிடம் போகிறது. வார்டி லியம் ரயனுக்கு அனுப்புகிறார், ரயன் டொம் ஷீடுக்கு. எல்லைக்கோட்டை ஒட்டிய கடினமான கோணத்திலிருந்து ஷீட் கோல் அடிக்கிறார். 79க்கு 74 என்று வெஸ்ட் கோஸ்ட் கிண்ணத்தைத் தூக்குகிறது.

அந்த இறுதியாட்டத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் ஷீட். அது நியாயம்தான், அந்தக் கோணத்தில், அந்த நெருக்கடியில் உதைக்க அசாத்திய துணிச்சல் வேண்டும். ஆனால் மெக்கவர்ன் அந்தப் பந்தைப் பிடிக்காமல் போயிருந்தால்? விலா எலும்புக் காயத்தோடு அன்று ஆடிய அவருக்கு அந்தத் தருணத்துக்காகப் புள்ளிவிவரப் பட்டியலில் கிடைத்தது, குறுக்கே வந்து பிடித்த ஒரு பந்து என்ற கணக்கு மட்டுமே.

ஆஸ்திரேலிய ரசிகர்கள் ஆண்டுதோறும் சலிக்காமல் மோதிக்கொள்ளும் கேள்வி இதுதான்: ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது? அவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாக. நீள்வட்டத் திடல், நீள்வட்டப் பந்து, குழுவுக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 புள்ளி. 15 மீட்டர் தூரமாவது வந்த உதையை யாரும் தொடுவதற்குள் சுத்தமாகப் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவர் நின்று நிதானமாக அடுத்த உதையை உதைக்கலாம். நம் காற்பந்தில் இருக்கும் 'ஆஃப்சைட்' விதி இங்கே கிடையாது. எதிரணியின் உயரமான தாக்குதல் ஆட்டக்காரர் உங்கள் கோல் முனையிலேயே ஆட்டம் முழுக்க நின்றுகொண்டிருக்கலாம். அவரோடு தோளுரசி நிற்க ஒருவர் வேண்டும். விவாதம் அந்த ஒருவரைப் பற்றியது.

ஏஎஃப்எல் எனப்படும் தேசிய லீக்கில் ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து வாங்குவது இல்லை. குழுக்களின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. இளையர்களைச் சேர்க்க ஆண்டுக்கொரு முறை 'டிராஃப்ட்' நடக்கும். கடைசி இடத்தில் முடித்த குழுவுக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. வேறு குழுவின் ஆட்டக்காரர் வேண்டுமென்றால் பெரும்பாலும் இந்தத் தேர்வு உரிமைகளைத்தான் விலையாகத் தரவேண்டும். நாளை நட்சத்திரமாகக்கூடிய, பெயர்கூடத் தெரியாத ஒரு 18 வயது இளையரைக் கொடுத்து இன்று ஆடத் தெரிந்த ஒருவரை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் விலை பற்றிய பேச்சு வெறும் பணக்கணக்காக நிற்பதில்லை. ரசிகர் தம் குழுவின் எதிர்காலத்தையே யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டதாக உணர்கிறார்.

2017 அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. அடிலெய்டு குழுவின் தற்காப்பு ஆட்டக்காரர் ஜேக் லீவருக்கு அப்போது வயது 21. அந்த ஆண்டு இறுதியாட்டம்வரை வந்து ரிச்மண்டிடம் தோற்ற குழு அடிலெய்டு. அவரை வாங்க மெல்பர்ன் டீமன்ஸ் குழு 2017 டிராஃப்டின் 10ஆவது தேர்வையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. வேறு சில சில்லறை மாற்றங்களும் இருந்தன. இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள்! லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் குழுவில் அதுவரை ஒருமுறைகூட இடம்பெறாத ஒருவருக்கு. கோல் அடிப்பது அவர் வேலையும் இல்லை.

டீமன்ஸ் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பின் வாதம்: தற்காப்பில் எதிரணியின் ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கக்கூடியவர்கள் அரிது, அதை 21 வயதிலேயே செய்பவர் இன்னும் அரிது, பத்தாண்டுகளுக்கு அந்த இடத்தைப் பற்றிய கவலை இல்லை. மறுதரப்பு: அந்த விலைக்கு ஒரு மத்தியத் திடல் ஆட்டக்காரரையோ கோல் அடிப்பவரையோ வாங்கலாம், பந்து தம்மிடம் வரும்வரை காத்திருப்பவருக்கு ஏன் இவ்வளவு?

அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் இரண்டாம் தரப்புக்கே சாதகமாக அமைந்தன. 2018 பருவத்தின் நடுவில் லீவரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. இளையர் பிரிவில் ஆடியபோதே அவருக்கு அப்படி ஒரு காயம் ஏற்பட்டிருந்தது. டீமன்ஸ் அவர் இல்லாமலேயே அந்த ஆண்டு கடைசி நான்கு குழுக்களில் ஒன்றாக வந்தது. 2019ல் அவர் திரும்பி வந்தார். 18 குழுக்களில் டீமன்ஸ் 17ஆவது இடத்துக்குச் சரிந்தது. அவர் இல்லாதபோது மேலே, அவர் வந்ததும் கீழே. கணக்கை மேலோட்டமாகப் பார்க்கும் யாருக்கும் தீர்ப்பு தெளிவாகத் தெரிந்திருக்கும்.

நான் படிப்பது பொருளியல். முதலாம் ஆண்டிலேயே எங்கள் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம், ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததால் முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது என்பது. ஒப்பிட வேண்டியது நேற்றையும் இன்றையும் அல்ல. இவர் இல்லாத அதே இன்றை. அந்த 'இன்று' நடக்கவே இல்லை என்பதுதான் சிக்கல். தாக்குதல் ஆட்டக்காரர்கள் விஷயத்தில் அவ்வளவு யோசிக்காமல் தப்பிவிடலாம், ஏனெனில் அவர்கள் செய்தது பலகையில் எழுதப்படுகிறது. தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை முழுவதும் நடக்காமல் போனவற்றில் இருக்கிறது. பலகை அதைக் காட்டாது.

எண்கள் இல்லாமல் இல்லை. ஏஎஃப்எல் எதையும் எண்ணும் லீக். எதிரணியின் உதையைக் குறுக்கே பிடித்தது எத்தனை, ஒருவருக்கு ஒருவர் மோதலில் தோற்றது எத்தனை விழுக்காடு, எதிராளி பிடிக்கவிருந்த பந்தைக் கைமுட்டியால் தட்டிவிட்டது எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பந்தைத் தட்டிவிடுவது, உதைக்கும் காலின்மேல் பாய்ந்து மறைப்பது, சகாவுக்காக எதிராளியைத் தடுத்து வழிவிடுவது போன்றவற்றுக்கு அங்கே வைத்திருக்கும் பொதுப்பெயர் எனக்குச் சிரிப்பை வரவழைக்கும்: 'ஒன் பர்சென்டர்'. ஒரு விழுக்காட்டுச் செயல்கள்! ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் அன்றாடப் பிழைப்பே அதுதான். பெயர் வைக்கும்போதே அதன் மதிப்பை முடிவுசெய்துவிட்டார்கள்.

விருதுகளிலும் இதே கதை. லீக்கின் ஆக உயரிய தனிநபர் விருதான பிரௌன்லோ பதக்கம் 1924லிருந்து வழங்கப்படுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு நடுவர்கள் மூவருக்கு 3, 2, 1 என்று வாக்களிப்பார்கள். நடுவரின் கண் பந்தோடு ஓடும். பந்து மத்தியத் திடல் ஆட்டக்காரர்களோடு ஓடும். பதக்கமும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் அவர்களுக்கே போகிறது. ஆக அதிக கோல் அடிப்பவருக்குக் கோல்மன் பதக்கம் இருக்கிறது. ஆக அதிக கோலைத் தடுத்தவருக்கு அந்த அளவு புகழுடைய பதக்கம் ஏதும் இல்லை. நம் பள்ளிகளிலும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. இணைப்பாட நடவடிக்கையில் காற்பந்தோ வலைப்பந்தோ ஆடியவர்கள், ஆண்டு மலரில் யாருடைய படம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

டீமன்ஸ் கதைக்குத் திரும்புவோம். முக்கியமான திருப்பம் லீவரிடம் இல்லை, இன்னொருவரிடம் இருக்கிறது.

2018 பருவம் முடிந்ததும் டீமன்ஸ் தன் இளம் கோல் நாயகன் ஜெசி ஹோகனை ஃபிரீமேண்டல் குழுவுக்கு அனுப்பியது. அதில் கிடைத்தவற்றுள் 6ஆவது தேர்வும் ஒன்று. அந்தத் தேர்வைக் கோல்ட் கோஸ்ட் குழுவிடம் கொடுத்து, அதன் அணித்தலைவர்களில் ஒருவரான ஸ்டீவன் மேயையும் கேட் கோலோஜாஷ்னி என்பவரையும் வாங்கியது. மேயும் தற்காப்பு ஆட்டக்காரர்தான்! ஏற்கெனவே ஒருவருக்கு இரண்டு தேர்வுகளைக் கொடுத்த குழு, கோல் அடிப்பவரை விட்டுக்கொடுத்து இன்னொரு தடுப்பாளரை வாங்கினால் ரசிகர்கள் என்ன சொல்வார்கள்? 2019ல் மேயும் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் திடலில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த இரண்டாவது வாங்கலே முதலாவதற்கு அர்த்தம் கொடுத்தது என்பது புரியும். தற்காப்பில் இரண்டு வகை வேலை உண்டு. எதிரணியின் ஆகச் சிறந்த, ஆகப் பலமான தாக்குதல் ஆட்டக்காரரை விடாமல் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பது ஒன்று. தம் ஆளைச் சற்று விட்டுவிட்டு, பந்து எங்கே விழும் என்று ஊகித்துக் குறுக்கே பாய்ந்து பிடிப்பது மற்றொன்று. லீவருக்குக் கைவந்தது இரண்டாவது. பலசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாதபோது அவரே முதல் வேலையையும் செய்ய நேர்ந்தது; அதில் அவர் சாதாரணமானவராகத் தெரிந்தார். மே முதல் வேலைக்கென்றே பிறந்தவர் போன்ற உடல்வாகு கொண்டவர். அவர் பெரிய ஆளைப் பார்த்துக்கொண்டால், லீவர் தம் ஆளை விட்டுப் பறக்கலாம்.

இதில் மூன்றாவது அம்சமும் உண்டு. குறுக்கே பிடிப்பதற்குப் பந்து உயரமாக, குறியில்லாமல் வரவேண்டும். நடுத்திடலில் எதிராளிக்கு நெருக்கடி கொடுத்து அவசரமாக உதைக்க வைத்தால்தான் அப்படி வரும். நிதானமாகக் குறிபார்த்து உதைக்கவிட்டால் எந்தத் தடுப்பாளரும் தடுமாறுவார். ஆக லீவர் பிடித்த ஒவ்வொரு பந்திலும் பெயர் பதிவாகாத பங்குதாரர்கள் இருக்கிறார்கள்.

இந்த மூன்றும் 2021ல் ஒன்றுசேர்ந்தன. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே ஆகக் குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்த குழு டீமன்ஸ். லீவர், மே இருவருமே முதன்முறையாக ஆல் ஆஸ்திரேலியன் குழுவில் இடம்பிடித்தார்கள். கொவிட் காரணமாகப் பெர்த் நகருக்கு மாற்றப்பட்ட இறுதியாட்டத்தில் டீமன்ஸ் மூன்றாம் கால்பகுதியில் 19 புள்ளி பின்தங்கியிருந்தது. முடிவில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் குழுவை 140க்கு 66 என வீழ்த்தியது. 1964க்குப் பிறகு, 57 ஆண்டுகள் கழித்து வந்த கிண்ணம். மே தொடைத்தசைக் காயத்தோடு அந்த ஆட்டத்தில் நின்றார். சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் கிறிஸ்டியன் பெட்ராக்காவுக்கு. அவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அப்படியானால் முதல் தரப்பு வென்றுவிட்டது, வழக்கு முடிந்தது என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். எனக்குத் தடையாக இருப்பது ரிச்மண்ட் குழுவின் கதை.

அலெக்ஸ் ரான்ஸ் 2014லிருந்து 2018வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆல் ஆஸ்திரேலியன் குழுவில் இடம்பெற்ற தடுப்பாளர். 2017ல் அந்தக் குழுவுக்கே தலைவர். அதே ஆண்டு ரிச்மண்ட் கிண்ணத்தையும் வென்றது. அவர் இல்லாத ரிச்மண்டை ரசிகர்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 2019 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதன்பின் அவர் ஏஎஃப்எல் ஆட்டம் எதிலும் ஆடவில்லை. அவர் இல்லாமலேயே 2019 இறுதியாட்டத்தில் ரிச்மண்ட் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி குழுவை 114க்கு 25 என நொறுக்கியது. எதிரணி ஆட்டம் முழுவதும் அடித்தது மூன்றே கோல்கள். அடுத்த ஆண்டும் கிண்ணம் ரிச்மண்டுக்கே.

என் பெரியம்மா மகள் மெல்பர்னில் தாதிமை படிக்கிறார். அங்கே போன முதல் வாரத்திலேயே எல்லாரும் அவரிடம் கேட்ட கேள்வி, "உன் குழு எது?" மழை, பேருந்து எல்லாம் அதற்குப் பிறகுதானாம். அக்காவோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவர்களில் ஒருவர் ரிச்மண்ட், ஒருவர் டீமன்ஸ். ரான்ஸ் இல்லாமலே வென்றோமே, தடுப்பாளருக்கு எதற்கு இரண்டு தேர்வுகள் என்பார் முதலாமவர். லீவரும் மேயும் இல்லாமல் 57 ஆண்டு காத்திருந்தோமே என்பார் மற்றவர். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை போகுமாம்.

இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். மதிப்பு என்பது ஆட்டக்காரரின் உடம்புக்குள் இருக்கும் ஒரு பொருள், அவர் எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நினைக்கிறார்கள். ரான்ஸ் இல்லாதபோது ரிச்மண்ட் சிதறாததற்குக் காரணம், அவரோடு பல ஆண்டுகள் ஆடிப் பழகிய டிலன் கிரைம்ஸ் போன்றவர்கள் எங்கே நிற்கவேண்டும், யாரை விடவேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். கிரைம்ஸ் 2019ல் ஆல் ஆஸ்திரேலியன் ஆனார். ரான்ஸின் மதிப்பு குறைவு என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அவர் கற்றுக்கொடுத்தது அவர் போன பிறகும் நின்றது என்பதற்கும் இதே சான்றுதான் அல்லவா? எந்தப் பக்கம் என்று எண்கள் சொல்லாது.

இங்கிலிஷ் பிரிமியர் லீக் பார்ப்பவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. 2018 ஜனவரியில் லிவர்பூல் வெர்ஜில் வேன் டைக்கை 75 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியபோது, ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு இவ்வளவா என்று பலரும் கேட்டார்கள். 2019ல் சாம்பியன்ஸ் லீக், 2020ல் லீக் கிண்ணம் என்று வந்ததும் அவர் 'மலிவு' ஆகிவிட்டார். அங்கே விலை ஓர் எண், கொடுத்ததும் முடிந்தது. ஏஎஃப்எல்லில் விலையும் காலப்போக்கில் மாறும். லீவருக்காகக் கொடுத்த 10ஆவது தேர்வை அடிலெய்டு என்ன செய்தது தெரியுமா? அதை அப்படியே கார்ல்டன் குழுவுக்குக் கொடுத்து, இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்து, பிரைஸ் கிப்ஸ் என்ற அனுபவசாலியை வாங்கியது. கிப்ஸ் 2020ல் ஓய்வுபெற்றுவிட்டார். இரண்டாவது தேர்வு டீமன்ஸ் 2018ல் நன்றாக ஆடியதால் பட்டியலில் கீழே இறங்கிப்போனது. ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் ரசிகர்கள் பயந்த விலையும் இறுதியில் கொடுபட்ட விலையும் ஒன்றல்ல. மறுபுறம், மேய்க்காகக் கொடுத்த 6ஆவது தேர்வில் கோல்ட் கோஸ்ட் எடுத்தது பென் கிங்கை. இன்று அவர் அந்தக் குழுவின் முன்னணிக் கோல் ஆட்டக்காரர். டீமன்ஸ் கிண்ணம் வென்றதால் கோல்ட் கோஸ்ட் ஏமாந்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

இந்தச் சண்டைகளில் அடிபடுவது ஓர் இளைஞரின் பெயர் என்பதையும் மறந்துவிடுகிறோம். இரண்டாம் முறை முழங்கால் கிழிந்தபோது லீவருக்கு வயது 22. உங்களில் பலரைவிட நான்கைந்து வயதுதான் கூடுதல். விலையை அவர் நிர்ணயிக்கவில்லை. இரு குழுக்களின் நிர்வாகிகள் மேசையில் பேரம்பேசி முடித்த எண் அது. ஆனால் அவர் தவறவிட்ட ஒவ்வொரு பந்திலும் அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள்.

2021 ஆல் ஆஸ்திரேலியன் குழுவின் தற்காப்பு வரிசையை ஒருமுறை பாருங்கள். அதில் லீவர் இருக்கிறார்: இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள். மே: 6ஆவது தேர்வு. ஜீலாங் குழுவின் டாம் ஸ்டூவர்ட்: 2016 டிராஃப்டில் 40ஆவதாக, 23 வயதில் எடுக்கப்பட்டவர்; அதுவரை பெரிய குழுக்கள் எதுவும் அவரை எடுக்கவில்லை. இன்னொருவர் அலீர் அலீர். கென்யாவின் காக்குமா அகதிகள் முகாமில் சூடானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிட்னி குழுவிலிருந்து அவரைப் போர்ட் அடிலெய்டு 2020 இறுதியில் வாங்கியது. விலை, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று. புதிய குழுவில் முதல் பருவத்திலேயே ஆல் ஆஸ்திரேலியன்.

ஒரே வரிசை, ஒரே ஆண்டு, நான்கு விலைகள். அக்காவின் வீட்டு ரிச்மண்ட் ரசிகரிடம் இந்தப் பட்டியலை அனுப்பச் சொன்னேன். "பார்த்தாயா, இரண்டாம் சுற்றே போதும்" என்று பதில் வந்தது. டீமன்ஸ் ரசிகரும் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு, "கிண்ணம் யாரிடம்?" என்று கேட்டாராம்.